அடுத்த வண்டி அடுத்து என்ன செய்யும்?

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: "ரோட்டில் உன்னைத் தவிர எல்லாரும் முட்டாள் என்று நினைத்துக்கொண்டு ஓட்டு." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் இதனால் பெரிய பயன் இல்லை. எல்லாரும் முட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். எந்த முட்டாள், எந்த நொடியில், எந்தப் பக்கம் திரும்புவார்? அதற்கு இந்த அறிவுரையில் பதில் கிடையாது. எல்லாரையும் ஒரே அளவு சந்தேகப்படுவது என்பது யாரையும் குறிப்பாகக் கவனிக்காமல் இருப்பதில் போய் முடியும். கொஞ்ச நேரத்தில் மனம் சலித்துப்போய், வழக்கம்போல முன்னால் போகும் வண்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டே போக ஆரம்பித்துவிடுவோம்.

அது மட்டுமில்லை, அறிவுரையின் அடிப்படையே கொஞ்சம் கோணல். மற்றவர்கள் புத்தி கெட்டுப்போய்த்தான் நம்மேல் வந்து மோதுகிறார்கள் என்று அது நம்பவைக்கிறது. விபத்துகளை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. அமெரிக்காவில் 2005 முதல் 2007 வரை, விபத்து நடந்த இடத்துக்கே ஆட்களை அனுப்பித் தகவல் திரட்டிய பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. விபத்துக்கு முந்தைய கடைசிக் கண்ணியாக ஓட்டுநரின் பிழை இருந்த சம்பவங்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, சுமார் 41 சதவீதத்துடன் முதலிடத்தில் இருந்தது கவனிப்பதில் வந்த பிழை. பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் மனதில் பதியவில்லை, அல்லது கவனம் வேறெங்கோ இருந்தது. அதிக வேகம், இடைவெளியைத் தப்பாகக் கணிப்பது போன்ற முடிவெடுப்பதில் வரும் பிழைகள் அதற்கு அடுத்த இடத்தில், சுமார் 33 சதவீதம். கடைசிக் கண்ணி என்பது முழுக் காரணம் ஆகிவிடாது. சாலை அமைப்புக்கும் அதில் பங்கு இருக்கும். ஆனாலும் நமக்கு வேண்டிய செய்தி இதில் இருக்கிறது.

குறுக்கே வந்து விழும் ஆள் திமிர் பிடித்தவராக இருப்பதைவிட நம்மைப் பார்க்காதவராக இருக்கும் வாய்ப்புதான் அதிகம். இதை ஒப்புக்கொண்டால் கேட்க வேண்டிய கேள்வியே மாறிவிடுகிறது. அவர் என்ன நினைக்கிறார் என்று மனதுக்குள் புகுந்து பார்க்க யாராலும் முடியாது. அவர் சீட்டில் உட்கார்ந்தால் என்ன தெரியும், எது தெரியாது, அவருக்கு முன்னால் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதை மட்டும் வெளியிலிருந்தே ஓரளவு கணக்குப் போடலாம். முன்கூட்டிக் கணிப்பது என்று அனுபவசாலிகள் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் கணக்குதான்.

முக்கால் நொடியின் விலை

கணித்து ஓட்டுவதால் கைக்குக் கிடைப்பது நேரம். எவ்வளவு நேரம் என்றால், கேட்கச் சிரிப்பு வரும்.

பிரேக் பிடிக்க மனிதர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அதுவரை வந்த ஆய்வுகளை 2000-ம் ஆண்டில் மார்க் கிரீன் என்ற ஆய்வாளர் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார். பிரேக் பிடிக்க வேண்டிவரும் என்று முன்பே தயாராக இருப்பவருக்குச் சுமார் 0.7 நொடி. முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு எரிவது போன்ற சாதாரண விஷயத்துக்கு, எதிர்பார்க்காமல் இருந்தால், சுமார் 1.25 நொடி. யாரோ குறுக்கே பாய்வது போல நிஜமாகவே திடுக்கிட வைக்கும் விஷயத்துக்குச் சுமார் 1.5 நொடி. தயாராக இருந்தவருக்கும் திடுக்கிட்டவருக்கும் வித்தியாசம் ஒரு நொடிகூட இல்லை.

இதை ரோட்டில் வைத்து அளப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 16.7 மீட்டர் போகும். தயாராக இருந்தவர் 0.7 நொடியில் சுமார் 12 மீட்டர் கடந்து பிரேக்கை மிதிக்கிறார். காய்ந்த சாலை, நல்ல டயர் என்றால் அதற்கு அப்புறம் ஏறக்குறைய 20 மீட்டரில் வண்டி நின்றுவிடும். மொத்தம் 32 மீட்டருக்குள் ஆட்டம் முடிந்தது. திடுக்கிட்டவர் அதே வண்டியில், அதே வேகத்தில் வந்தாலும், பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே 25 மீட்டர் போயிருப்பார். முதலாமவர் முழுதாக நின்ற அந்த இடத்தை இவர் தாண்டும்போது இவர் வண்டியின் வேகம் எவ்வளவு இருக்கும்? பிரேக் பிடித்து ஆறேழு மீட்டர்தானே ஆகியிருக்கிறது. இன்னும் மணிக்கு 50 கிலோமீட்டரை ஒட்டியே இருக்கும். ஒருவர் நின்று பெருமூச்சு விடும் இடத்தில் இன்னொருவர் கிட்டத்தட்ட முழு வேகத்தில் மோதுகிறார். இருவருக்கும் ஒரே கண்கள், ஒரே கால்கள், ஒரே பிரேக்.

அனிச்சையாகச் செயல்படும் வேகத்தைப் பயிற்சி செய்து கூட்டலாம் என்று பலர் நம்புகிறார்கள். அதில் கிடைப்பது சொற்பம். எதிர்பார்ப்பு தரும் லாபத்துக்கு அது பக்கத்தில்கூட வராது.

அவருக்கு முன்னால் இடம் எங்கே முடிகிறது?

1938-ல் ஜேம்ஸ் கிப்சன், லாரன்ஸ் குரூக்ஸ் இருவரும் கார் ஓட்டுவதைப் பற்றி ஓர் உளவியல் கட்டுரை எழுதினார்கள். கார்கள் எவ்வளவோ மாறிவிட்டன. அந்தக் கட்டுரையின் மையக் கருத்து இன்னும் பழசாகவில்லை. ஓட்டுநர் பார்ப்பது சாலையை அல்ல, தான் ஆபத்தில்லாமல் போகக்கூடிய இடத்தை என்றார்கள் அவர்கள். காரின் முன்னாலிருந்து ஒரு நாக்கு நீண்டிருப்பதுபோல அந்த இடம் சாலையில் படர்ந்திருக்கும். தடைகள் வந்தால் ஒடுங்கும், வளையும், குறுகும். வண்டி நிற்கத் தேவைப்படும் தூரத்தைவிட அந்த நாக்கு நீளமாக இருக்கும்வரை நிலைமை கட்டுக்குள் இருக்கிறது.

இந்தப் படத்தை நம் வண்டியோடு நிறுத்தாமல் மற்ற வண்டிகளுக்கும் வரைந்து பாருங்கள். நமக்கு முன்னால் ஓரமாக ஒரு பைக் போகிறது. அதற்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் தண்ணீர் தேங்கிய பள்ளம். பைக்காரருடைய இடம் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் முடிகிறது. அவர் சட்டென்று வேகத்தைக் குறைப்பார், இல்லையென்றால் நம் பக்கம் ஒதுங்குவார். மூன்றாவது வழி கிடையாது. அவர் ஒதுங்கும்போது திரும்பிப் பார்ப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் அவர் கண் பள்ளத்தின் மேல் இருக்கும். அவருடைய குணமோ பழக்கமோ நமக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பள்ளம் நமக்குத் தெரிந்தால் போதும்.

ஓரமாக நிறுத்திய லாரியை நெருங்கும் சைக்கிள்காரர் நம் பாதைக்குள் வரத்தான் வேண்டும். நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட கார் பொறுமை இழந்து வெளியே தலை நீட்டும். எதிர்த் திசையில் மெதுவாகப் போகும் கனரக வண்டிக்குப் பின்னால் ஒரு கார் நடுக்கோட்டுப் பக்கமாக எட்டிப் பார்த்துப் பார்த்து உள்ளே போகிறது என்றால், ஓவர்டேக் செய்ய இடம் தேடுகிறது. அதன் அடுத்த இடம் நம் பாதை. நீளமான லாரி ஒரு சந்திப்பில் திரும்பப் போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் முதலில் விலகுவதைப் பார்த்துச் சிலர் அது கொடுத்த இடைவெளியில் நுழைந்துவிடுகிறார்கள். லாரி இடம் கொடுக்கவில்லை. முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் வராது; உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். அதற்காகத்தான் அவர் அகலமாக எடுக்கிறார்.

தெருவோரம் வரிசையாக நிற்கும் கார்களையும் இப்படித்தான் படிக்க வேண்டும். பத்துக் கார் நின்றால் பத்தையும் கவனிக்க முடியாது, தேவையும் இல்லை. உள்ளே ஆள் தெரிகிறதா, பிரேக் விளக்கு எரிகிறதா, முன்சக்கரம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தால் பத்தில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். இப்போதுதான் நின்ற கார் என்றால் அடுத்த சில நொடிகளில் அதன் ஒரு கதவாவது திறக்கும். கதவின் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிப் போனால் போதும்.

சந்திப்பில் காத்திருக்கும் கார்

குறுக்குத் தெருவிலிருந்து ஒரு கார் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. நாம் பிரதான சாலையில் நேராகப் போய்க்கொண்டிருக்கிறோம். முன்னுரிமை நமக்கு. இந்த ஒரு காட்சியைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் பார்வைப் பிழைகள் எல்லாம் கூடுகிற இடம் இது.

முதலில் அவர் தலை எந்தப் பக்கம் இருக்கிறது? பின்லாந்தில் ஹெய்க்கி சும்மாலாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் சந்திப்புகளில் ஓட்டுநர்களின் தலை எங்கே திரும்புகிறது என்று கவனித்து 1996-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும். வலப்பக்கம் திரும்பக் காத்திருப்பவருக்குப் பயம் இடப்பக்கத்திலிருந்து வரும் கார்கள்தான். அதனால் அவர்கள் இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலப்பக்கத்திலிருந்து சைக்கிள் பாதையில் வந்தவர்கள் அவர்கள் கண்ணிலேயே படவில்லை. ஆபத்து எங்கிருந்து வரும் என்று மனம் முடிவுசெய்ததோ அங்கே மட்டும் கண் போகிறது. ஆக, காத்திருக்கும் கார் ஓட்டுநரின் பின்தலை நமக்குத் தெரிந்தால், அவரைப் பொறுத்தவரை நாம் இல்லை. அந்தப் பக்கம் இடைவெளி கிடைத்த மறுகணம் அவர் கிளம்பிவிடலாம்.

அவர் நம் பக்கம் திரும்பினாலும் கதை முடியவில்லை. முன்கண்ணாடியின் இரு ஓரத்திலும் கூரையைத் தாங்கும் தூண்கள் இருக்கின்றன. வண்டி கவிழ்ந்தாலும் நசுங்காமல் இருக்க வேண்டும் என்று அவற்றைத் தடிமனாகச் செய்கிறார்கள். ஒரு பைக்கும் அதில் இருக்கும் ஆளும் முழுதாக அதன் பின்னால் மறைந்துவிடலாம். நகர்ந்துகொண்டே சந்திப்பை நெருங்கும் கார் என்றால் இன்னும் மோசம். இரண்டு வண்டிகள் சீரான வேகத்தில் நேர்க்கோட்டில் ஒரே புள்ளியை நோக்கி வந்தால், ஒன்றுக்கு மற்றது கடைசிவரை ஒரே கோணத்தில்தான் தெரியும். மாலுமிகளுக்கு இது பழைய பாடம்: கோணம் மாறாமல் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் அந்தக் கப்பல் மோதப் போகிறது. சாலையில் இதன் விளைவு என்னவென்றால், தூணுக்குப் பின்னால் மறைந்த பைக் தூணுக்குப் பின்னாலேயே பயணம் செய்யும். மறையாவிட்டாலும் அது பக்கவாட்டில் நகர்வதாகத் தெரியாது. நகராத பொருளைக் கண் எளிதில் விட்டுவிடும். பைக் ஓட்டுகிறவர் பாதைக்குள்ளேயே கொஞ்சம் இடம் மாறினாலோ வேகத்தை லேசாக மாற்றினாலோ அந்தக் கோணம் உடைந்துவிடும். காரில் இருப்பவர் தன் தலையை ஒருமுறை முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பதும் அதற்காகத்தான்.

பார்த்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சரியாகக் கணிப்பாரா? பெரிய பொருள் சீக்கிரம் வந்துசேரும், சின்னப் பொருள் மெதுவாக வரும் என்று நம் மூளை ஒரு குறுக்கு வழியில் கணக்குப் போடுகிறது. ஒரே தூரத்தில் ஒரே வேகத்தில் வந்தாலும் லாரிக்காகக் காத்திருப்பவர் பைக் வருவதற்குள் கடந்துவிடலாம் என்று கிளம்புவது இதனால்தான். அவர் வேண்டுமென்றே பைக்கை மதிக்காமல் போனார் என்று நமக்குத் தோன்றும். இரவில் ஒற்றை விளக்கை வைத்துத் தூரம் கணிப்பது இதைவிடக் கஷ்டம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 11.9 லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், இரண்டு மூன்று சக்கர வண்டிகளில் போகிறவர்கள். உடம்புக்குக் கவசம் இல்லாதது முக்கியக் காரணம். அடுத்தவர் கண்ணில் சின்னதாகத் தெரிவதும் இவர்கள் தலையில்தான் விழுகிறது.

சரி, நேராகப் போகும் நாம் என்ன செய்வது? ஓட்டுநரின் முகத்தைவிட அவர் வண்டியின் முன்சக்கரத்தைப் பார்ப்பது நல்லது. கண்ணாடியில் வெளிச்சம் பட்டு முகம் தெரியாமல் போகும். முகம் தெரிந்து கண்ணும் கண்ணும் சந்தித்த மாதிரி இருந்தாலும் அவர் நம்மைத் தாண்டி வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கலாம். சக்கரம் பொய் சொல்லாது. வண்டியின் உடல் நகர்வது தெரிவதற்கு முன்னாலேயே சக்கரத்தின் மேல்விளிம்பு சுழல்வது தெரிந்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக் மேல் மிதக்க வைத்தால், 1.5 நொடி ஆள் 0.7 நொடி ஆளாக மாறிவிட்டார். வேகத்தை அதிகம் இழக்கவும் இல்லை.

பக்கத்துப் பாதையில் ஒருவர் நிற்கிறார்

ஒரே திசையில் இரண்டு பாதைகள். முன்னால் பாதசாரிகள் கடக்கும் வரிக்கோடு. ஒரு பாதையில் வந்த வேன் கோட்டுக்கு முன்னால் நிற்கிறது. அதன் பின்னால் வருபவர், இவர் ஏன் நிற்கிறார் என்று அலுத்துக்கொண்டு பக்கத்துப் பாதைக்கு மாறி வேகமெடுக்கிறார். வேன் நின்றது ஒருவர் கடப்பதற்காக. கடப்பவருக்கு வேனின் உயரத்தைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. அவர் வேனின் மறுமுனையில் வெளிப்படும்போதுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். சாலைப் பாதுகாப்புப் பொறியாளர்கள் தனிப் பெயர் வைத்துப் படிக்கும் அளவுக்கு இந்த வகை விபத்து அடிக்கடி நடக்கிறது.

காரணம் தெரியாமல் ஒரு வண்டி மெதுவாகிறது என்றால், நமக்குத் தெரியாதது ஏதோ அதற்குத் தெரிகிறது. என் கணக்கில், சாலையில் கிடைக்கும் தகவல்களிலேயே மிகவும் நம்பகமானது இதுதான். யாரும் காரணமில்லாமல் வேகத்தை விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் அதைத் தகவலாக எடுத்துக்கொள்ளாமல் இடைஞ்சலாக எடுத்துக்கொள்வதுதான் நம் பழக்கம்.

இதையே கொஞ்சம் நீட்டினால், ஒரே ஒரு வண்டியை மட்டும் பார்த்து ஓட்டுவதன் குறை புரியும். 2008-ல் யூக்கி சுகியாமாவும் குழுவினரும் ஜப்பானில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்களைச் சீரான வேகத்தில் ஓடச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, வளைவுத் தடை இல்லை, குறுக்கே வருவோர் யாரும் இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் நெரிசல் அலை ஒன்று தானாகவே உருவாகி, வண்டிகள் போகும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. முன்னால் இருப்பவர் லேசாகக் குறைத்தால் பின்னால் இருப்பவர் சற்று அதிகமாகக் குறைக்கிறார், அவருக்குப் பின்னால் இருப்பவர் அதைவிட அதிகமாக. வரிசையின் வாலில் ஒருவர் முழுசாக நின்றுபோகிறார். இதே சங்கிலி வேகச் சாலையில் நடந்தால் வாலில் இருப்பவர் நிற்பது பிரேக்கினாலா பம்பரினாலா என்பது சந்தேகம். முன்வண்டியின் கண்ணாடி வழியாகவும் வளைவில் பக்கவாட்டிலும் இரண்டு மூன்று வண்டிகள் முன்னால் பார்க்கிறவர் இந்தச் சங்கிலியில் சேராமல் தப்பித்துக்கொள்ளலாம். பார்வையை முழுதாக மறைக்கும் லாரிக்குப் பின்னால் போக நேர்ந்தால் இடைவெளியைக் கூட்டுவதைத் தவிர வழியில்லை. லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் டிரைவரின் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நம்மைத் தெரியாது.

சைகைகளை எவ்வளவு நம்பலாம்?

இண்டிகேட்டர் ஒன்றை மட்டும்தான் உறுதியாகச் சொல்லும்: அதன் பல்பு வேலை செய்கிறது. பழைய திருப்பத்தில் போட்டதை அணைக்க மறந்திருக்கலாம். இதற்கு அடுத்த தெருவில் திரும்புவதற்காக இப்போதே போட்டிருக்கலாம். இண்டிகேட்டரோடு வேகமும் குறைந்து, வண்டி ஓரத்துக்கும் ஒதுங்கி, சக்கரமும் திரும்ப ஆரம்பித்தால் அப்போது நம்பலாம். ஹெட்லைட்டை ஒருமுறை அடித்துக் காட்டுவது இதைவிட ஆபத்தானது. சில இடங்களில் அதற்கு 'நீங்கள் போங்கள்' என்று பொருள், சில இடங்களில் 'நான் வருகிறேன், நில்லுங்கள்'. நேர் எதிரான இரண்டு சேதிக்கு ஒரே சைகை. தவிர, அவர் வழிவிட்டாலும் அவருக்குப் பக்கத்துப் பாதையில் வருபவர் அதற்குக் கட்டுப்பட்டவர் இல்லை.

மஞ்சள் விளக்கு தனிக் கதை. 1960-ல் டெனோஸ் காஸிஸ், ராபர்ட் ஹெர்மன், அலெக்ஸி மராடுடின் மூவரும் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். (இந்த ஹெர்மன்தான் பிரபஞ்சம் முழுக்கப் பரவியிருக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சை 1948-ல் ரால்ஃப் ஆல்ஃபருடன் சேர்ந்து முன்கூட்டியே கணித்தவர். பிரபஞ்சத்தை விட்டுவிட்டு டிராஃபிக்குக்கு வந்தார்.) மஞ்சளின் நேரமும் சாலையின் வேகமும் பொருந்தாவிட்டால், சிக்னலுக்கு முன்னால் ஒரு துண்டுச் சாலை உருவாகிறது. மஞ்சள் விழும்போது அந்தத் துண்டில் இருப்பவரால் ஒழுங்காக நிற்கவும் முடியாது, சிவப்பு விழுவதற்குள் கடக்கவும் முடியாது. ஒழுங்கான ஓட்டுநரும் அங்கே மாட்டிக்கொள்வார். நேரம் சரியாக வைத்த சிக்னலிலும், நிற்கலாமா போகலாமா என்று இரண்டு பேர் இரண்டு விதமாக முடிவெடுக்கும் தூரம் ஒன்று இருக்கத்தான் செய்யும். முன்னால் இருப்பவர் நிற்க, பின்னால் இருப்பவர் போய்விடலாம் என்று அழுத்த, பின்னாலிருந்து மோதல். அதனால் மஞ்சளில் நிற்க முடிவுசெய்தால் முன்னால் பார்ப்பதோடு ரியர்வியூ கண்ணாடியையும் பார்க்க வேண்டும். பச்சை விழுந்து கிளம்புகிறவர், குறுக்குச் சாலையில் கடைசி நொடியில் மாட்டிக்கொண்ட ஒருவர் இன்னும் வந்துகொண்டிருப்பார் என்று வைத்துக்கொள்வது நல்லது.

முன்னுரிமை இருந்தால் போதாதா?

சட்டம் இதில் சுவாரசியமான ஒரு நிலை எடுக்கிறது. மற்றவர்கள் விதியை மதிப்பார்கள் என்று நம்பி ஓட்டலாம் என்பது ஜெர்மானியச் சாலைச் சட்ட மரபில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கொள்கை. இல்லையென்றால் ஒவ்வொரு பச்சை விளக்கிலும் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும், போக்குவரத்தே நடக்காது. ஆனால் அந்த நம்பிக்கைக்கு எல்லை உண்டு. எதிராளி விதியை மீறப் போகிறார் என்பதற்கு அறிகுறி தெரிந்துவிட்டால் நம்பும் உரிமை போய்விடும். குழந்தைகள், முதியவர்கள், உதவி தேவைப்படுபவர்கள் விஷயத்தில் தொடக்கத்திலிருந்தே கூடுதல் கவனம் காட்ட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எல்லாரையும் நம்பாதே என்ற அறிவுரையைவிட இது எவ்வளவோ மேல். நம்பு, ஆனால் அறிகுறியைப் பார்த்துக்கொண்டே இரு என்கிறது.

தானியங்கிக் கார்களுக்கு விதி எழுத உட்கார்ந்தவர்களும் சுற்றிவந்து இதே இடத்துக்குத்தான் வந்தார்கள். மொபைல்ஐ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2017-ல் வெளியிட்ட பாதுகாப்பு மாதிரியில் ஒரு விதி: முன்னுரிமை என்பது மற்றவர் கொடுப்பது, நாம் பறிப்பது அல்ல. இன்னொரு விதி, பார்வை மறையும் இடங்களில் அதற்கேற்ற எச்சரிக்கையோடு போக வேண்டும். அதே வகைக் கார்களின் விபத்து அறிக்கைகளைப் பார்த்தால் பெரிய பங்கு பின்னாலிருந்து வந்த மனிதர்கள் மோதியவை. அந்தக் கார்கள் விதிப்படிதான் நின்றன. மனிதர்கள் எதிர்பார்க்காத இடத்தில், எதிர்பார்க்காத வேகத்தில் நின்றன.

நாமும் மற்றவர்களுக்கு ஒரு 'அடுத்த வண்டி'தான். முன்னுரிமை நமக்கு இருக்கும்போது பெருந்தன்மையாக நடுச்சாலையில் நின்று வழிவிடுவது பல சமயம் நல்லதைவிடக் கெடுதலைச் செய்யும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவர் இருந்தால் அவரைத் தண்டிக்கப் பிரேக்கைத் தட்டுவது அதைவிட மோசம். நமக்கு முன்னால் இருக்கும் இடைவெளியைக் கூட்டுங்கள். அப்போது நாம் எங்கேயும் மெதுவாக, நீளமாகப் பிரேக் பிடிக்க முடியும். கவனம் இல்லாத அவருக்கும் சேர்த்து நேரம் கிடைக்கும்.

கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும், ஆனால் வண்டி ஓட்டிக்கொண்டே இருந்தால் தானாக வந்துவிடும் என்று சொல்ல முடியாது. 1972-ல் மௌரண்ட், ராக்வெல் இருவரும் புதிய ஓட்டுநர்களின் கண் அசைவைப் பழகியவர்களோடு ஒப்பிட்டார்கள். புதியவர்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே, குறுகிய பரப்பில் பார்த்தார்கள்; கண்ணாடிகளைக் குறைவாகப் பார்த்தார்கள். வண்டியைப் பாதைக்குள் வைத்துக்கொள்வதே அவர்களுக்குப் பெரிய வேலையாக இருந்திருக்கும். பிரிட்டனில் 2002 நவம்பர் முதல் ஓட்டுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வோடு ஆபத்தை முன்கூட்டி அறியும் திறனுக்கும் ஒரு தேர்வு சேர்க்கப்பட்டது. 14 வீடியோத் துணுக்குகள், அவற்றில் உருவாகும் 15 ஆபத்துகள். எவ்வளவு சீக்கிரம் கண்டு சுட்டியை அழுத்துகிறோமோ அவ்வளவு மதிப்பெண், ஒன்றுக்கு அதிகபட்சம் 5. கார் ஓட்டத் தேர்ச்சி பெற 75-க்கு 44 வேண்டும். குத்துமதிப்பாக அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தத் துணுக்குக்குப் பூஜ்யம். எல்லாரையும் சந்தேகப்படுகிறவருக்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

பழகியவர்களுக்கு இருக்கும் சிக்கல் வேறு. 1981-ல் ஓலா ஸ்வென்சன் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேர், ஸ்வீடன் மாணவர்களில் 69 சதவீதம் பேர், ஓட்டும் திறமையில் தங்களைப் பாதிக்கு மேலான இடத்தில் வைத்துக்கொண்டார்கள். நமக்கு இது ஏற்கெனவே வரும் என்று நினைப்பவர் பயிற்சி செய்ய மாட்டார்.

செலவில்லாத பயிற்சி ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் போலீஸ் ஓட்டுநர் பயிற்சியில் நெடுநாளாக உள்ள முறை: ஓட்டிக்கொண்டே, பார்ப்பதையும் எதிர்பார்ப்பதையும் வாய்விட்டுச் சொல்வது. முதலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு முயற்சி செய்வது நல்லது. "பஸ் நின்றிருக்கிறது, முன்பக்கமாக யாராவது கடக்கலாம். பைக்குக்கு முன்னால் பள்ளம், உள்ளே வருவார். குறுக்குத் தெருவில் கார், அந்தப் பக்கம் பார்க்கிறார்." 'கார் வருகிறது, மரம் நிற்கிறது' என்று கண்டதையெல்லாம் சொன்னால் பயனில்லை, எது நம் பாதையை மாற்றக்கூடுமோ அது மட்டும். ஆரம்பத்தில் வாய் வண்டியைவிடப் பின்தங்கும். பஸ்ஸைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் பின்னால் போயிருக்கும். அப்படியானால் கண் போதுமான தூரம் முன்னால் போகவில்லை, அல்லது அந்தத் தெருவுக்கு அந்த வேகம் அதிகம். பத்து கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்துவிட்டு அதே தெருவில் திரும்பச் சொல்லிப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.